வீட்டு மாடியில் ஏ320 விமானி அறை: எங்கிருந்து ஆரம்பிப்பது? விமானிகள் யோசனை சொல்லுங்கள்

கோவை_சிறகு
கோயம்புத்தூர்

வணக்கம். மூன்று வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்தேன். இன்றைக்குத்தான் முதல் முறையாக இழை தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பீளமேட்டில். விமான நிலையம் பக்கம் என்பதால் மொட்டை மாடியில் நின்றால் இறங்கும் விமானத்தின் சக்கரம் வரை தெரியும். சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கை இந்த நொடியில் எதன் மேல் இருக்கும் என்றுதான் யோசிப்பேன். விமானி ஆக முடியவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு பம்ப் தயாரிக்கும் இடத்தில் வேலை. அந்த யோசனை மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை.

இப்போது மாடியில் ஒரு அறை காலியாகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஏர்பஸ் ஏ320-இன் விமானி அறையை முழு அளவில் அதில் கட்டப் போகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் அதில் சேர்க்கும் ஃபீனிக்ஸ் ஏ320 மென்பொருளும் என் கணினியில் ஏற்கெனவே ஓடுகின்றன. கணபதியில் ஒரு லேசர் கட்டிங் கடை, ஒரு லேத் பட்டறை, இரண்டிலும் பழக்கம் உண்டு.

தலைக்கு மேல் இருக்கும் ஓவர்ஹெட் பேனலை முதலில் செய்யலாம் என்று திட்டம். அதுதான் பெரிய வேலை, அது முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? நிஜமாக ஓட்டுகிறவர்கள் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்கிறேன்.


நான்கு_பட்டை
சென்னை

தம்பி, ஏ320-இல் கேப்டனாக இருக்கிறேன். பெயரும் நிறுவனமும் இங்கே வேண்டாம்.

ஓவர்ஹெட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏர்பஸ்காரர்கள் அந்தப் பேனலை வடிவமைத்ததே நாங்கள் அதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் விளக்கே எரியாது. கிளம்புவதற்கு முன் கீழிருந்து மேலாகப் பார்த்து, எரியும் வெள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவோம். அப்புறம் சீட் பெல்ட் விளக்கு, வெளி விளக்குகள், பனி இருந்தால் ஆன்டி-ஐஸ். ஒரு சாதாரணப் பயணத்தில் கை மேலே போவது அவ்வளவுதான். அதில் ஒரு வருடம் செலவழித்தால் மீதிக்கு உங்களிடம் தெம்பு இருக்காது.

முதலில் இருக்கையைச் செய்யுங்கள். நாற்காலியைச் சொல்லவில்லை, உங்கள் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நடு ஜன்னல் கம்பத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், சிவப்பும் வெள்ளையுமாக. உட்கார்ந்து இருக்கையை ஏற்றி இறக்கி, வெள்ளை உருண்டை சிவப்பை மறைக்கும்படி வைத்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே உட்கார்ந்தால் விமானத்தின் மூக்கு ரன்வேயை மறைக்கும். மூடுபனியில் இறங்கும்போது அந்தச் சில மீட்டர்தான் விளக்கு தெரிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்யும். உங்கள் அறையில் எல்லா அளவையும் இந்தக் கண் புள்ளியிலிருந்து எடுங்கள், தரையிலிருந்து எடுக்காதீர்கள்.

அடுத்தது கை தாங்கி. வீட்டில் செய்கிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சைட்ஸ்டிக்கை, அதாவது பக்கத்தில் இருக்கும் ஓட்டும் கைப்பிடியை, நாங்கள் மணிக்கட்டால் ஓட்டுகிறோம், தோளால் அல்ல. முன்கை முழுக்க ஆர்ம்ரெஸ்டில் படிந்திருக்க வேண்டும். அதன் உயரத்துக்கும் சாய்வுக்கும் அளவுக் குறி உண்டு. ஒவ்வொரு விமானிக்கும் தன் எண் மனப்பாடமாக இருக்கும், விமானம் மாறினாலும் உட்கார்ந்ததும் அதை வைத்துக்கொள்வோம். மேசை மேல் ஜாய்ஸ்டிக்கை வைத்து, முழங்கை காற்றில் தொங்க ஓட்டிவிட்டு 'ஏர்பஸ் நடுங்குகிறது' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுங்குவது அவர்கள் கைதான்.

அப்புறம் த்ரஸ்ட் லீவர், இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். லீவர் வந்து நிற்கும் பள்ளங்கள்தான் ஏர்பஸ்ஸின் இலக்கணம். ஐடில் (குறைந்தபட்ச விசை) 0 டிகிரி, கிளைம்ப் (மேலேற) 25, ஃப்ளெக்ஸ் (குறைத்த விசையில் கிளம்ப) 35, டோகா (முழு விசை) 45. பின்னால் ரிவர்ஸ் முழுதாக 20 டிகிரி வரை. ஓடுபாதையில் ஓடும்போது என் கண் வெளியேதான் இருக்கும், லீவர் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று கைதான் சொல்ல வேண்டும். மேலே ஏறியதும் திரையில் 'லீவர் கிளைம்ப்' என்று மின்னும். அப்போது ஒரே இழுப்பில் பின்னால் வந்து, கிளைம்ப் பள்ளத்தில் 'டக்' என்று நிற்க வேண்டும். நிற்காமல் வழுக்கிக் கீழே போனால் உங்கள் அறையில் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கை அறிகிற விஷயம் என்பதால் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்கள் இறங்கி முடித்த பிறகு ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கி, வயிற்றில் உட்கார்ந்தன. இரண்டு ஸ்விட்சும் பக்கத்தில், ஒரே வடிவம். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் சக்கர ஸ்விட்சின் முனையில் ஒரு சின்னச் சக்கரத்தையும், ஃப்ளாப் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இன்றைக்கும் சக்கர லீவரின் தலை சக்கரமாக, ஃப்ளாப் லீவரின் தலை இறக்கை வெட்டு மாதிரி இருப்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் முப்பரிமாண அச்சில் குமிழ் எடுக்கும்போது வழவழவென்று பொதுவான வடிவம் போட்டுவிடாதீர்கள்.


பேஸ்மென்ட்737
ரொறொன்ரோ

தம்பிக்கு வாழ்த்துகள். நான் வீட்டு பேஸ்மென்டில் 737-800 கட்டுகிறேன், ஆறாவது பனிக்காலம் இது.

கேப்டன் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் உடன்பாடு. ஆனால் ஓவர்ஹெட்டை நான் முதலில்தான் செய்தேன், அதற்காக வருந்தவும் இல்லை. 737-இல் விஷயம் வேறு. அங்கே ஜெனரேட்டரை மின்சாரம் பகிரும் தடத்தில் (பஸ்) இணைப்பது, பம்ப்புகள், ஏர்கண்டிஷன் எல்லாம் விமானியே கையால் செய்ய வேண்டும். ஏர்பஸ்ஸில் கணினி செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும் வேலை, போயிங்கில் ஸ்விட்சாக உங்களுக்கு முன்னால் இருக்கும். எந்த விமானம் என்பதைப் பொறுத்து வரிசை மாறும் என்று சொல்ல வருகிறேன்.

நீங்கள் ஏ320-ஐத் தேர்ந்தெடுத்தது வீட்டில் கட்டுகிறவருக்கு நல்லது. 737-இல் ஸ்டீயரிங் மாதிரியான இரண்டு யோக்கும் ஒன்றோடொன்று இணைந்து அசைய வேண்டும். ஆட்டோத்ரொட்டில் போட்டால் லீவர்கள் தாமாக ஓட வேண்டும், அதற்கு மோட்டார். ட்ரிம் சக்கரம் கடகடவென்று சுழல வேண்டும், அதற்கு இன்னொரு மோட்டார். எனக்கு அந்த மூன்றுக்கு மட்டும் இரண்டு வருடம் போனது. ஏ320-இல் லீவர் வைத்த இடத்திலேயே இருக்கும், சைட்ஸ்டிக்குகள் தனித்தனி.

ஒரு சின்ன விஷயம், என்னோடு இருந்து பார்த்த ஓய்வுபெற்ற 737 விமானி சொன்னது. 737-800 சேர்ந்த என்ஜி வகையில் சக்கர லீவருக்கு மூன்று நிலை: மேலே, ஓஃப், கீழே. சக்கரம் ஏறிய பிறகு நடுவில் ஓஃபுக்குக் கொண்டுவர வேண்டும். நான் இரண்டு நிலையோடு செய்து வைத்திருந்தேன். அவர் கை நடுவில் வந்து தேடியது, நிற்க இடமில்லை. அன்றிரவே கழற்றினேன்.


ரிச்சிதெரு
சென்னை

மின்னணுப் பக்கம் என் பங்கு. தொழிலே இதுதான்.

நிஜ ஸ்விட்சையும் விளக்கையும் சிமுலேட்டரோடு இணைக்க மோபிஃப்ளைட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஆர்டுயினோ மெகா போர்டை வைத்து வேலை செய்யும். ஒரு மெகாவில் 54 டிஜிட்டல் பின், 16 அனலாக் பின். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் ஓவர்ஹெட்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஸ்விட்ச், இரண்டு விளக்கு என்று கணக்குப் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் சில பின்களிலேயே பல ஸ்விட்ச், விளக்குகளைச் சேர்க்க ஆரம்பத்திலேயே உள்ளீட்டுக்கு 4067 மல்ட்டிபிளெக்ஸர், வெளியீட்டுக்கு 595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்று திட்டமிடுங்கள். ரிச்சி தெருவில் கூடைக் கணக்கில் கிடைக்கும்.

லீவருக்கும் ஸ்டிக்குக்கும் பொட்டென்ஷியோமீட்டர் வேண்டாம். நம் ஊர்த் தூசியில் ஒரு வருடத்தில் கரகரக்க ஆரம்பித்து, திரையில் இன்ஜின் தானாக ஏறி இறங்கும். காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சரும் ஒரு காந்தமும் போதும், உரசல் இல்லை, தேய்மானம் இல்லை.

மின்சாரம் கொடுப்பதில் எல்லோரும் அடிபடும் இடம் ஒன்று உண்டு. 5 வோல்ட் சப்ளை, 12 வோல்ட் சப்ளை, கணினியின் யுஎஸ்பி, இவை எல்லாவற்றின் கிரவுண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் பட்டன் அழுத்தாமலே அழுத்தின மாதிரி காட்டும், காரணம் தேடி மாதக்கணக்கில் அலைவீர்கள். பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கின் ஒயரை யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள், தனி சப்ளை வையுங்கள்.

பழைய விமானத்தின் நிஜப் பாகங்கள் வாங்கும் ஆசை வரும். பேனலின் எழுத்து விளக்கு 5 வோல்ட், எச்சரிக்கை விளக்குகள் 28 வோல்ட் டிசி, சில கருவிகள் 115 வோல்ட் 400 ஹெர்ட்ஸ் ஏசி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குப் பேனல் வாங்கலாம், 400 ஹெர்ட்ஸ் கேட்கும் எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

வெளிநாட்டில் ஒரு கடையில் ரெடிமேட் எஃப்சியு பேனல் (ஆட்டோபைலட்டுக்கு வேகம், திசை, உயரம் கொடுக்கும் பேனல்) வாங்கினேன், பெயர் வேண்டாம். சுங்கம் கட்டி எடுத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரத்தில் வெளிச்சம் ஒழுகியது, ஒரு எழுத்து கோணலாக இருந்தது. திருப்பி அனுப்பும் செலவு புதுசு வாங்குவதைவிட அதிகம். அதற்கப்புறம் நானே செய்து பழகினேன். பால் வெள்ளை அக்ரிலிக் தகட்டில் முதலில் அடர்த்தியான கறுப்பு, அதன் மேல் பேனல் நிறம், பிறகு எழுத்தை மட்டும் சுரண்டி எடுப்பது. கறுப்பு அடுக்கை விட்டுவிட்டால்தான் வெளிச்சம் ஒழுகும்.


வலது_இருக்கை
பெங்களூரு

ஏ320-இல் துணை விமானியாக இருக்கிறேன். கேப்டன் சாருக்கு வணக்கம். கோவை அண்ணாவுக்கு, மரத்தை வெட்டுவதற்கு முன்னால் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். செலவு ரொம்பக் குறைவு.

டைப் ரேட்டிங், அதாவது இந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி, படிக்கும்போது நாங்கள் எல்லோரும் காகித விமானி அறை வைத்திருந்தோம். பயிற்சி நடந்த ஊரில் வாடகை அறையின் சுவர் முழுக்க முழு அளவுப் படங்கள். எதிர்ச் சுவரில் முன் பேனல், உத்தரத்தில் ஓவர்ஹெட், நடுவில் ஒரு அட்டைப் பெட்டி மேல் பெடஸ்டல் (இரண்டு இருக்கைக்கும் இடையில் லீவர்கள் இருக்கும் மேடை). பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. நானும் அறைத்தோழியும் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, காகிதத்தைத் தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி ஓட்டுவோம். மணிக்கணக்கில் விலை கொடுக்கும் நிஜ சிமுலேட்டருக்குள் போகும்போது கை எங்கே போக வேண்டும் என்று தேடக்கூடாது என்பதற்காக.

அதையே நீங்கள் செய்யுங்கள். முழு அளவில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, கேப்டன் சொன்ன கண் புள்ளியிலிருந்து அளந்து நிற்க வையுங்கள். ஒரு மாதம் அதில் பழகுங்கள். எங்கே இடிக்கிறது, எது எட்டவில்லை என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். எம்சிடியு, அதாவது விமானக் கணினிக்குத் தகவல் கொடுக்கும் விசைப்பலகைத் திரை, அதை நிரப்பும் வரிசைக்கு நாங்கள் 'டிஃப்ஸ்ரிப்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். டேட்டா, இனிட், ஃப்ளைட் பிளான், செகண்டரி, ரேடியோ நேவ், இனிட் பி, பெர்ஃப். காகிதத்தின் மேல் விரல் வைத்தே அது பழகும்.

எஃப்சியு குமிழ்களைச் சாதாரண என்கோடரில் (சுற்றுவதை எண்ணும் ஸ்விட்ச்) முடித்துவிடாதீர்கள். ஏர்பஸ்ஸில் குமிழை உள்ளே அழுத்தினால் விமானத்தின் கையில் கொடுக்கிறோம், வெளியே இழுத்தால் நம் கையில் எடுத்துக்கொள்கிறோம். தள்ளுவது அதனிடம், இழுப்பது நம்மிடம். இந்த அசைவில்தான் ஏர்பஸ்ஸின் எண்ணமே இருக்கிறது. அழுத்த மட்டும் தெரிந்த குமிழ் வைத்து, இழுப்பதற்குப் பதில் நீளமாக அழுத்துவது என்று பழகினால் கை தப்பாகப் படித்துக்கொள்ளும்.

சைட்ஸ்டிக்கின் ஸ்பிரிங் பற்றி. கடையில் வாங்கும் ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் பெரும்பாலும் லேசு. ஏ320-இல் ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானம் இருந்த பாதையிலேயே போகும், கொஞ்சம் தட்டிவிட்டு விட வேண்டும். லேசான ஸ்பிரிங்கில் மாவு கிளறுகிற மாதிரி கை சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது 50 அடியில் கணினி மூக்கின் கோணத்தை நினைவில் வைத்து, 30 அடிக்குக் கீழே மெல்ல மூக்கைத் தாழ்த்தும். அதை எதிர்த்து நீங்கள் பின்னால் இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்கு ஸ்பிரிங்கில் எதிர்ப்பு இருந்தால்தான் எவ்வளவு இழுத்தோம் என்று மணிக்கட்டுக்குத் தெரியும்.


கோவை_சிறகு
கோயம்புத்தூர்

எல்லோருக்கும் நன்றி. ஓவர்ஹெட் வரைபடத்தைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

வலது_இருக்கை சொன்னபடி காகித அறை தயார். ஒரு வாரத்திலேயே இரண்டு தப்பு பிடிபட்டது. இருக்கை நான்கு அங்குலம் தாழ்வாக இருந்தது, நான் தரையிலிருந்துதான் அளந்திருந்தேன். அறைக் கதவு உள்பக்கம் திறப்பதால் துணை விமானி இருக்கைக்குப் போக வழியே இல்லை. மரத்தில் கட்டியிருந்தால் மொத்தமும் பிரித்திருக்க வேண்டும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற ஆசாரியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த கேள்வி வெளிக்காட்சி. மூன்று புரொஜெக்டரும் வளைந்த திரையும் வைக்கலாமா, மூன்று டிவியா?


புது_ரன்வே
மதுரை

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. விஆர் கண்ணாடி ஒன்று போட்டால் முழு விமானி அறையும் அளவு பிசகாமல் கண் முன்னால் வரும். திரை, புரொஜெக்டர், மரவேலை எதுவும் வேண்டாம். நான் சின்ன வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது ஒன்றுதான் வழி. மனப்பூர்வமாகச் சொல்கிறேன், மதுரையில் இறங்கும்போது தலையைத் திருப்பி ஓடுபாதையைப் பார்ப்பது விஆரில் கிடைப்பது மாதிரி எந்தத் திரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.


நான்கு_பட்டை
சென்னை

புது_ரன்வே சொல்வதில் நியாயம் இருக்கிறது. காட்சிக்கு விஆர் அருமை, ஆழம் தெரியும், ஃப்ளேர் பண்ணும், அதாவது தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும், உயரம் கண்ணுக்குப் பிடிபடும். வாடகை வீட்டுக்கு அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை. அதிலும் ஒரு நல்ல ஸ்டிக்கும் பள்ளமுள்ள லீவரும் கை தாங்கியும் மட்டும் நிஜமாக வைத்துக்கொள்ளுங்கள், பாதி வந்துவிடும்.

குறை என்னவென்றால் கை காற்றைத் தொடுகிறது. சக்கர லீவரை வெளியே இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். ஃப்ளாப் லீவரைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும், 1-இலும் 3-இலும் தடை இருக்கும், ஒரே வீச்சில் தாண்ட முடியாது. ஸ்பீட் பிரேக் லீவரை மேலே இழுத்தால்தான் ஆயத்தமாகும். இன்ஜின் மாஸ்டரையும் தூக்கித்தான் திருப்ப வேண்டும். இவற்றை விரல் படிக்க ஒரு பொருள் வேண்டும்.


பேஸ்மென்ட்737
ரொறொன்ரோ

திரை விஷயத்தில் நான் காசு விட்டுப் படித்த பாடம் ஒன்று இருக்கிறது.

வளைந்த திரை வடிவாக இருக்கும், சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது காட்சி யாருடைய கண்ணுக்கு வரையப்படுகிறது என்று கேளுங்கள். நடுவிலிருந்து திரை 2 மீட்டர் தூரம் என்று வைப்போம். கேப்டன் நடுவிலிருந்து அரை மீட்டர் இடப்பக்கம் இருப்பார். நடுப்புள்ளிக்கு வரைந்த ஓடுபாதை அவருக்கு 14 டிகிரி வலப்பக்கம் தள்ளித் தெரியும். கருவி 'நேராகப் போகிறாய்' என்று சொல்லும், கண் 'இல்லை' என்று சொல்லும். என்னிடம் வந்த ஒவ்வொரு விமானியும் முதல் தடவை ஓடுபாதைக்கு வலப்பக்கம் புல்லில்தான் இறக்கினார்கள்.

நிஜப் பயிற்சி சிமுலேட்டரில் இதற்காகவே பெரிய வளைந்த கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காற்றை உறிஞ்சி வளைத்து, அதில் படத்தைப் பட்டுத் தெறிக்க விடுவார்கள். ஒளி இணையாக வருவதால் ஓடுபாதை வெகு தூரத்தில் இருப்பது போலிருக்கும், இரண்டு இருக்கைக்கும் நேராகத் தெரியும். வீட்டில் அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே முடிவெடுங்கள். தனியாக ஓட்டுவீர்கள் என்றால் காட்சியை இடது இருக்கைக் கண்ணுக்கு வரையுங்கள். அப்போது வலது இருக்கையில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட 27 டிகிரி பிசகும், அவர் திரையைப் பார்க்காமல் கருவியைப் பார்த்து அழைப்புகளைச் சொல்லலாம். உங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றால் வளைந்த திரை வைக்கத் தூரமே போதாது. மூன்று டிவி போதும்.


புதியவன்_24
திருச்சி

கேப்டன் சார், நிறுவனத்தில் கொடுக்கும் எஃப்காம் கையேட்டை யாராவது பகிர முடியுமா? பறக்கும்போது காக்பிட் படமோ காணொளியோ எடுத்துப் போட்டால் அளவெடுக்க உதவியாக இருக்கும்.


நான்கு_பட்டை
சென்னை

முடியாது தம்பி. கையேடு எனக்கு நம்பிக் கொடுக்கப்பட்டது, கொடுத்தால் வேலை போகும், போகவும் வேண்டும். பறக்கும்போது படம் எடுப்பது அதைவிடத் தப்பு. இந்த இழையில் இருக்கும் மற்ற விமானிகளிடமும் தனி மடலில் கேட்காதீர்கள். அளவுகளை ஏற்கெனவே செய்து முடித்தவர்கள் வரைபடமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். எப்படி உணர்கிறது, கை எங்கே போகிறது என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்.


கோவை_சிறகு
கோயம்புத்தூர்

ஏழு மாதம் கழித்து வருகிறேன். காத்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

இடது இருக்கை, ஆர்ம்ரெஸ்ட், ஸ்டிக், பெடஸ்டல், எஃப்சியு, ஒரு எம்சிடியு முடிந்துவிட்டன. ஓவர்ஹெட் இன்னும் காகிதம்தான். மூன்று டிவி. அறையை அசைக்கும் மோஷன் பக்கம் போகவில்லை, இருக்கைக்கு அடியில் அதிரும் ஸ்பீக்கர் ஒன்று மட்டும்.

லீவரின் பள்ளம்தான் அதிக நாள் தின்றது. முதலில் எம்டிஎஃப் பலகையில் வட்டம் வெட்டி, விளிம்பில் பள்ளம் போட்டேன். ஜூன் மழையில் ஈரம் குடித்து விளிம்பு ஊதியது, கிளைம்ப் பள்ளமே மறைந்துவிட்டது. எம்டிஎஃப் வாங்க நினைப்பவர்கள் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் வாங்குங்கள், அசையும் பாகத்துக்கு அதுவும் வேண்டாம். இரண்டாவது முறை 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. கணபதி பட்டறை அண்ணன் 25, 35, 45 டிகிரியில் மூன்று குழி, அதில் வந்து உட்கார 8 மில்லிமீட்டர் பேரிங் குண்டு, அதன் பின்னால் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பின்னால் இறுக்கும் திருகு என்று செய்து கொடுத்தார். முதலில் குழியின் இரண்டு ஓரமும் ஒரே சரிவு. லீவர் உட்கார்ந்தது, ஆனால் எழும்பவும் அதே லேசு. அவரே பார்த்துவிட்டு, கீழ்ப்பக்க ஓரத்தை மட்டும் செங்குத்தாக அரத்தால் ராவினார். கிரீஸ் தொட்டு வைத்து ஒரு தடவை இழுத்தார், 'டக்'. பட்டறையில் இருந்த இரண்டு பையன்களும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள்.

போன மாதம் கேப்டன் சார் ஒரு கல்யாணத்துக்குக் கோவை வந்தபோது வீட்டுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் உருண்டையைப் பார்த்து இருக்கையை ஏற்றினார். ஆர்ம்ரெஸ்டை இரண்டு முறை திருத்தினார். அப்புறம் எதையும் இயக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தார். த்ரஸ்ட் லீவர், இடப்பக்கம் ஸ்பீட் பிரேக், கீழே இன்ஜின் மாஸ்டர். ஃப்ளாப் லீவருக்குப் போன கை வெறும் இடத்தில் நின்றது. கண்ணைத் திறக்காமல் 'இது இரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது' என்றார். அளந்து பார்த்தேன், பதினெட்டு மில்லிமீட்டர்.

சிமுலேட்டரில் சென்னை ஓடுபாதை 07-இல் கிளம்பி இங்கே கோவை 23-இல் இறங்கினோம். ஏறும்போது கிளைம்ப் பள்ளத்தில் லீவர் நின்றது, ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை, திருகை அரைச் சுற்று இறுக்கச் சொன்னார். இரண்டாவது முறை ஓட்டும்போது ஒன்றும் சொல்லவில்லை. 20 அடியில் லீவரைப் பின்னால் இழுக்கச் சொல்லும் 'ரிடார்ட்' குரல் வந்ததும் அவர் கை பின்னால் வந்ததை நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் மொட்டை மாடியில் நின்று கேட்ட கேள்விக்கு அந்த நொடியில் கண் முன்னால் பதில் கிடைத்தது. அதே மொட்டை மாடிக்குக் கீழே, அதே ஓடுபாதை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அடுத்த வேலைக்கு உதவி வேண்டும். பார்க்கிங் பிரேக் கைப்பிடியை மேலே தூக்கி, பிறகுதான் திருப்ப வர வேண்டும். தூக்காமல் திருப்பினால் பூட்டிக்கொள்ள வேண்டும். எப்படிச் செய்வது?


ரிச்சிதெரு
சென்னை

தண்டில் குறுக்காக ஒரு 4 மில்லிமீட்டர் பின் அடியுங்கள். அதைச் சுற்றி இருக்கும் குழாயில் 'எல்' வடிவில் காடி வெட்டச் சொல்லுங்கள், முதலில் மேலே, பிறகு பக்கவாட்டில். கீழே இழுக்க ஒரு ஸ்பிரிங். காடியின் முடிவில் கொஞ்சம் கீழ்நோக்கிக் குழி விட்டால் பின் அதில் விழுந்து நிற்கும். மைக்ரோ ஸ்விட்சை அந்த முடிவில் வையுங்கள், தூக்கும் இடத்தில் வைத்தால் பாதி தூக்கும்போதே பிரேக் பிடித்ததாகக் காட்டும்.


கோவை_சிறகு
கோயம்புத்தூர்

சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன். ஃப்ளாப் லீவரையும் கூடவே எடுத்துப் போகிறேன், பதினெட்டு மில்லிமீட்டர் மேலே.